காணாக்கடியின் தடம்

உடம்பு அரித்துத் தடித்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டே?" என்பதுதான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, இறால் என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகும். கரப்பான் பண்டங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பட்டியல் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. மாதங்கள் போகும், பத்தியம் கூடிக்கொண்டே போகும், அரிப்பு மட்டும் குறையாது. கடைசியில் "ரத்தம் கெட்டுப்போச்சு" என்ற முடிவுக்கு வந்து, கெட்ட ரத்தத்தைச் சுத்தம் செய்ய எதையாவது குடிக்க ஆரம்பிப்பார்கள்.

உணவு ஒவ்வாமை உண்மையானது. சில சமயம் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஆனால் அது வருகிற விதம் வேறு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உதடு வீங்கும். உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும். ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை இறால் சாப்பிட்டால் மறுபடியும் வரும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்கி, நீர் கசிந்து, செதில் விட்டு, கறுத்துத் தடிக்கிற படைக்கு இந்த வரலாறு பொருந்தாது. பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட அரிப்புப் படைகளில் பெரும்பாலானவற்றுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை.

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்குள் தோல் பழையபடி ஆகி, தடிப்பு வேறு இடத்தில் கிளம்பியிருந்தால், அது நம் முன்னோர் காணாக்கடி என்று சொன்ன அர்ட்டிகேரியா. வட்டத்துக்குள்ளேயே அசையாமல் இருந்தால் வேறு திசையில் தேட வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த இடத்தில் தொடங்கியது? எப்போது தொடங்கியது? தோல் தன் மேல் நடந்ததை இடமாகவும் நேரமாகவும் எழுதிவைக்கிறது. அதைப் படிப்பதற்குள் நாம்தான் களிம்பு தடவி அழித்துவிடுகிறோம்.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சிரங்கு பெருகியது. சிரங்கை உண்டாக்குவது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உண்ணி என்பது பழைய செய்தி. இத்தாலியில் ஜியோவானி போனோமோ 1687-இலேயே அதை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்துவிட்டார். ஆனால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பது சரியாகத் தெரியாமலே இருந்தது. போர்வையிலும் உள்ளாடையிலும் ஒட்டிக்கொண்டு பரவுகிறது என்று நம்பி, ராணுவம் மூட்டை மூட்டையாகத் துணிகளை வேகவைத்துக்கொண்டிருந்தது. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர் ஷெஃபீல்டு நகரில் ஒரு பெரிய வீட்டை எடுத்து, போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார். சிரங்கு பிடித்த சிப்பாய்கள் போர்த்திய போர்வைகளை அவர்கள் துவைக்காமலே போர்த்திப் படுத்தார்கள். அந்தச் சிப்பாய்களின் உள்ளாடைகளைக் கழற்றிய சூட்டோடு வாங்கி உடுத்தினார்கள். சிரங்கு அநேகமாக யாருக்கும் வரவில்லை. நோயாளியோடு ஒரே படுக்கையில் உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தபோதுதான் தொற்றியது.

மெல்லன்பி கண்ட இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உண்ணி தோலுக்குள் புகுந்து, வளை தோண்டி, முட்டையிட்டுக்கொண்டிருந்தபோதும் அந்த இளைஞர்களுக்குச் சுமார் ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை. அதன் பிறகுதான் தூக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு தொடங்கியது. குணமான பிறகு அவர்களுக்கே மறுபடி உண்ணி ஏறியபோது ஒரே நாளில் அரித்தது. ஆக, அரிப்பு உண்ணி கடிப்பதால் வருவதில்லை. உண்ணியின் உமிழ்நீரையும் கழிவையும் அந்நியப் பொருள் என்று உடம்பு கற்றுக்கொள்வதால் வருகிறது. முதல் முறை கற்க நான்கைந்து வாரம் பிடிக்கிறது. கற்றது பிறகு மறப்பதில்லை. சாதாரணச் சிரங்கில் ஓர் ஆளின் உடம்பு முழுக்க இருக்கும் பெண் உண்ணிகள் சராசரியாகப் பன்னிரண்டுக்கும் குறைவு என்றும் அவர் எண்ணிக் கண்டார். உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாகியிருக்கும் ஒருவரிடம் தேடிப் பிடிக்கக் கிடைப்பவை அவ்வளவுதான்.

இதை வீட்டு நிலவரத்தோடு பொருத்திப் பாருங்கள். இன்றைக்கு ராத்திரி அரிக்கத் தொடங்கியவர் நேற்றைய சாப்பாட்டை யோசிக்கிறார். அவருக்கு உண்ணி ஏறியது போன மாதம், ஊரிலிருந்து வந்த சித்தி மகனோடு ஒரே பாயில் படுத்த இரவாக இருக்கலாம். அவருடைய மனைவிக்கும் பிள்ளைக்கும் உண்ணி இருந்தாலும் அரிப்பு இன்னும் வராமல் இருக்கலாம். "எனக்குத்தான் அரிக்கவே இல்லையே, நான் எதுக்கு மருந்து பூசணும்?" என்று கேட்கும் ஒருவரால்தான் வீட்டில் சிரங்கு மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. பெர்மெத்ரின் களிம்பை அரிக்கிறவர், அரிக்காதவர் எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தின் அடி எதையும் விடாமல் பூச வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். உண்ணி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குள் கைவிட்டுவிடக் கூடாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரங்கைத்தான்.

இனி இடம். அதே போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியில் வட்டமாக ஒரு படை வந்தது. சிலருக்கு இடுப்பில் வந்தது. கொப்புளமும் நீரும் அரிப்புமாக இருந்ததால் பூஞ்சை என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள், கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி உள்பக்கம் பார்த்தபோது, படை வந்த இடத்துக்கு நேராகக் காலரில் ஒரு கறுப்புக் குறி இருந்தது. வெளுக்கப் போட்ட துணி யாருடையது என்று அறியச் சலவைத் தொழிலாளி இட்ட குறி அது. எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் போகாத அந்த மை சேராங்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்தது. ராணுவ மருத்துவர்கள் இதை 1943-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

ஏன் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு? சேரா மரமும் மாமரமும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். அமெரிக்கக் காடுகளில் படர்ந்து கிடக்கும் பாய்சன் ஐவி என்ற நச்சுக் கொடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஐவியின் எண்ணெயும் சேராங்கொட்டையின் எண்ணெயும் வேதியியல் அமைப்பில் நெருங்கிய உறவு. சிறுவயதில் தன் ஊர்க் காட்டில் ஐவியில் புரண்டு ஒவ்வாமை பெற்ற உடம்பு, பல்லாயிரம் மைல் தள்ளி வந்தும் சேராங்கொட்டையைத் தெரிந்துகொள்ளும். நம் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களின் விரல்கள் கறுத்து வெந்து கிடப்பதும் இந்த உறவு எண்ணெய்களால்தான். மாங்காயின் காம்புப் பால் பட்டு வாயோரம் புண்ணாவதும் இதே கதை.

இடம் சொல்லும் செய்தி சில சமயம் வியக்கவைக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். ஒரு சமையற்காரரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை சுத்தமாக இருக்கிறது. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனி மட்டும் காய்ந்து, தடித்து, வெடித்திருக்கிறது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒன்றுமில்லை. அவர் பூண்டு நறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கிவிடும். வலது கையில் கத்தி. இடது கையின் அந்த மூன்று நுனிகளில் பூண்டுப் பல். பூண்டில் இருக்கும் டைஅலைல் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம்தான் காரணம். இவர் கையுறை போட்டும் தப்பிப்பது கடினம்; சாதாரணக் கையுறைகளை அந்தச் சேர்மம் ஊடுருவிவிடும். தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படை என்றால் ஜீன்ஸ் பொத்தானின் நிக்கல். காது மடலிலும் கழுத்தைச் சுற்றியும் என்றால் கவரிங் நகை. புறங்காலில் செருப்பு வார் போன வழியே V வடிவத்தில் என்றால் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள். நெற்றி நடுவில் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. கண்ணிமையில் மட்டும் படை. கண்ணுக்கு எதுவும் போடுவதில்லை என்று ஒரு பெண் உறுதியாகச் சொல்கிறார். அது நகப்பூச்சாக இருக்கலாம். நகத்தைச் சுற்றியுள்ள தடித்த தோல் தாங்கிக்கொள்ளும். காய்வதற்கு முன் விரல் பட்ட இமையின் மெல்லிய தோல் தாங்காது. தலைச்சாயத்துக்கும் இப்படித்தான், சாயம் தேய்த்த உச்சந்தலை சும்மா இருக்க, காது ஓரமும் பிடரியும் இமையும் வீங்கும்.

"இதே சாயத்தைத்தான் பத்து வருஷமாகப் போடுகிறேன், புதிதாக எதுவும் மாற்றவில்லை" என்று சாயம் போடுகிறவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்து வருஷம் சாயத்தைக் குற்றமற்றதாக ஆக்கிவிடாது. நிக்கல், குரோமியம், தலைச்சாயத்தில் இருக்கும் பாரா-ஃபினிலீன்டையமின் ஆகியவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அப்படிச் சிறியதாக இருப்பதால்தான் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக முடிகிறது. தனியாகப் போனால் நோயெதிர்ப்பு அமைப்பு கண்டுகொள்வதில்லை. உள்ளே நம்முடைய சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிகிறது. தோலில் கிளைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பற்றி எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. (1868-இல் பெர்லினில் இந்தச் செல்களைக் கண்ட பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது மருத்துவ மாணவர், அவற்றை நரம்புச் செல்கள் என்று நினைத்தார்.) கணுவில் அந்தப் பொருளை மட்டும் அடையாளம் காணும் டி செல்கள் ஒன்றிரண்டு வாரத்தில் பெருகுகின்றன. இந்தப் பயிற்சி முதல் தொடுகையிலும் நடக்கலாம்; ஆயிரமாவது தொடுகையிலும் நடக்கலாம். நடந்த பிறகு, அந்தப் பொருள் தோலில் எங்கே பட்டாலும் டி செல்கள் அங்கே வந்து கூடும். கூடிப் படையாக எழ ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட நகை செவ்வாய்க்கிழமை அரிக்கிறது. செவ்வாய்க்கிழமை பழி, திங்கட்கிழமைச் சாம்பாரில் போட்ட கத்தரிக்காய் மேல் விழுகிறது.

காரணம் கண்டுபிடித்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தில் நடந்தது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பலர் கடுமையான படையோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். முதுகு, புட்டம், தொடையின் பின்பக்கம், கையின் அடிப்பக்கம் எல்லாம் நெருப்புப் பட்டதுபோல் சிவந்திருந்தன. வழக்கமான ஒவ்வாமைச் சோதனைகளில் காரணம் அகப்படவில்லை. ஆனால் படை வந்த இடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வடிவம். அவர்கள் எல்லோர் வீட்டிலும் சீனாவில் செய்த சாய்வு நாற்காலியோ சோஃபாவோ புதிதாக வந்திருந்தது. டாப்பியோ ராண்டனென் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்த இருக்கைகளின் உறைத் துணியை வெட்டி நோயாளிகளின் தோலில் ஒட்டிப் பார்த்தார்கள், கடுமையாகச் சிவந்தது. துணியை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பி, அதில் இருந்த பொருள்களில் ஒன்றைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். டைமெதில் ஃபியூமரேட் என்ற அந்தப் பொருள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நீர்த்த பிறகும் சிலருக்குப் படையை எழுப்பியது. 2008-இல் அதை வெளியிட்டார்கள்.

அந்தப் பொருள் ஏன் சோஃபாவுக்குள் வந்தது? ஈரம் மிகுந்த கிடங்கிலும் கப்பலிலும் வாரக்கணக்கில் கிடக்கும்போது பதனிட்ட தோலிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, சின்னச் சின்னப் பைகளில் தூளாக நிரப்பி இருக்கையின் உள்ளே வைத்திருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் உடம்புச் சூட்டில் அது ஆவியாகி, உறையையும் உடையையும் தாண்டித் தோலைத் தொட்டது. பிரிட்டனிலும் இதே படை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து, வழக்காகி, இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. 2009 மே மாதம் முதல் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இந்தப் பொருள் இருக்கும் எதையும் விற்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. புத்தகத்தில் இல்லாத ஒரு காரணத்தை, படையின் வடிவத்தை வைத்தும் நோயாளி தினமும் உட்காரும் இடத்தை விசாரித்தும் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் நான் மதிப்பது. "உங்கள் வீட்டு நாற்காலி எப்போது வாங்கியது?" என்று ஒரு மருத்துவர் கேட்க, அதற்கு நேரம் வேண்டும், அக்கறையும் வேண்டும்.

பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் அந்த முறை பேட்ச் டெஸ்ட் எனப்படுகிறது. ஜெர்மன் மருத்துவர் யோசஃப் யாடசோன் 1895-இல் அறிமுகப்படுத்தியது. பாதரச மருந்தால் படை வந்த ஒரு நோயாளிக்கு, அதே மருந்தை நல்ல தோலில் கொஞ்சம் ஒட்டிவைத்து, அதே படையை அங்கேயும் வரவழைத்துக் காட்டினார். நூற்றுமுப்பது ஆண்டுகளாகியும் இந்தச் சோதனையின் அடிப்படை மாறவில்லை. நிக்கல், குரோமேட், வாசனைப் பொருள்கள், ரப்பர் வேதிப்பொருள்கள், நியோமைசின், பார்த்தீனியம் என்று சந்தேகத்துக்குரியவற்றை வாசலினில் கலந்து, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அலுமினியக் கிண்ணங்களில் வைத்து, வரிசையாக முதுகில் ஒட்டுவார்கள். இந்தியாவில் நம் பயன்பாட்டுக்கேற்பத் தொகுத்த தனி வரிசையே உண்டு. இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கக் கூடாது. சென்னையின் மே மாதத்தில் இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று சொல்லத் தேவையில்லை. முடிந்தால் மார்கழி, தையில் செய்துகொள்வது நல்லது. 48 மணி நேரத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் திரும்பப் பார்ப்பார்கள். உலோகங்களுக்கு ஒரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கும். பிரித்த அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டால் பாதி தவறிவிடும். டி செல்கள் வந்து கூடுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் அல்லவா?

ஒன்று சிவந்துவிட்டது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகாது. நிக்கலுக்குச் சிவக்கும் முதுகு பலருக்கு உண்டு. காலில் இருக்கும் படைக்கும் அந்த நிக்கலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, அந்தப் பொருள் அவருடைய வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் சோதனை முடிந்ததாகும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரு குழாய் ரத்தம் எடுத்து நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்தச் சோதனைகள் அளப்பது ஐஜிஇ போன்ற எதிர்ப்பொருள்களை. தொடுகை ஒவ்வாமையை உண்டாக்குவதோ டி செல்கள். அளக்கும் பொருளே வேறு. தவிர, ஐஜிஇ இருப்பதாலேயே அந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்லிவிட முடியாது. அறிக்கையில் வந்த இருபது உணவுகளையும் நிறுத்திச் சத்துக் குறைந்துபோன குழந்தைகளுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றே சொல்வேன்.

கைபடாமலே காற்றில் வருகிற காரணமும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவின் செடியான பார்த்தீனியம் 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. வெள்ளைப் பூ பூக்கும் அந்தக் களையின் காய்ந்த துகள்களில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. வயலில் வேலை செய்பவர், சாலையோரம் நடந்து போகிறவர் முகத்திலும் கழுத்திலும் அது படிகிறது. முகம், கழுத்து, கை என்று வெயில் படும் இடங்களில் படை வருவதால் வெயில் ஒவ்வாமை என்று தோன்றும். அப்போது வெயில் படாத மூலைகளைப் பார்க்க வேண்டும். மேல் இமை, காதின் பின்பக்கம், தாடையின் அடி, முழங்கை மடிப்பு. வெயில் என்றால் இவை தப்பியிருக்கும். தூசு நிழலுக்குள்ளும் போகும்.

மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும் ஒல்லியான, கறுப்பும் ஆரஞ்சுமான ஒரு வண்டும் இப்படித்தான் குழப்பும். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊர்வதை நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்குகிறோம். உடம்புக்குள்ளிருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலைச் சுடுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சாட்டையால் அடித்ததுபோல் நீளமாகக் கொப்புளம் எழும். முழங்கை மடிப்பில் நசுங்கியிருந்தால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே வடிவம் அச்சாகியிருக்கும். பலர் இதை அக்கி என்று நினைத்துக் காவி பூசிக்கொள்கிறார்கள்.

எந்தக் காரணமாக இருந்தாலும், தேடலைக் கெடுப்பதில் முதலிடம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புக்குத்தான். "படைக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. படர்தாமரையில் ஸ்டீராய்டு செய்வது, பொங்கும் பாலின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு அடுப்பை எரியவிடுவதுதான். அரிப்பு என்பது பூஞ்சையோடு உடம்பு நடத்தும் சண்டை. சண்டையை ஸ்டீராய்டு நிறுத்துகிறது. பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. தெளிவான விளிம்போடு வட்டமாக இருந்த படர்தாமரை, களிம்பு தடவத் தடவ விளிம்பு கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாகி, இடுப்பு முழுக்கப் படர்ந்து, அனுபவமுள்ள கண்ணுக்குக்கூட அடையாளம் தெரியாமல் போகிறது. தொடை இடுக்கில் நிரந்தரமாகத் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கிறது.

இதன் விளைவை இந்தியா இன்று அனுபவித்துக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் சில வாரங்களில் குணமான படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. டெர்பினாஃபின் என்ற முக்கியமான மருந்துக்கு அசைந்துகொடுக்காத பூஞ்சை ஒன்றுக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2018-இல் அரசு பதினான்கு ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் எந்தத் தெருமுனைக் கடையிலும் சீட்டு இல்லாமல் வாங்க முடிகிறது. இவ்வளவுக்கும் பூஞ்சைதானா என்று அறிவது மிக எளிது: படையின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். சில நிமிட வேலை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தொடுகை ஒவ்வாமைக்கு அதுவே சரியான மருந்து. என்ன நோய் என்று தெரியாமல் தடவுவதைத்தான் சொல்கிறேன்.

எவ்வளவு தேடியும் வெளியே காரணம் கிடைக்காத அரிப்பும் இருக்கிறது. பேனா வட்டத்தைத் தாண்டி இடம் மாறிக்கொண்டே ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அர்ட்டிகேரியாவில் பெரும்பாலும் வெளிக்காரணம் இருப்பதில்லை. பலருக்கு அவர்களுடைய சொந்த எதிர்ப்பொருள்களே தோலின் மாஸ்ட் செல்களைத் தூண்டி ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. அவர்களிடம் "எதையோ சாப்பிடுகிறாய், யோசித்துப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது கொடுமை. காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, தூக்கக் கலக்கம் தராத வகை ஆன்டிஹிஸ்டமினை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுத்துக்கொள்வதுதான் அங்கே சரியான வழி. படையே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் தோலை விட்டுவிட்டு ரத்தம், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச் சத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் பாதமும் படையில்லாமல் அரித்தால் உடனே பிரசவ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. புதிதாக மருந்து எதையாவது தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு படை வந்து, வாயோ கண்ணோ புண்ணானாலோ தோல் வலித்து உரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அவசரம் இல்லை, கவனம்தான் வேண்டும். படை தொடங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். முதலில் வந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பரவிய பிறகு அது மறந்துபோகும். மருத்துவரிடம் போகும்போது சோப்பு, எண்ணெய், பொட்டு, சாயம், களிம்பு, தைலம் என்று தோலில் படும் எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். விடுமுறையில் ஊருக்குப் போனால் குறைகிறதா, வேலைக்குத் திரும்பினால் கூடுகிறதா என்று சொல்ல முடிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

காரணம் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கவரிங் கம்மலைக் கழற்றிவிடலாம். பூண்டை வேறொருவர் நறுக்கலாம். கொத்தனார் என்ன செய்வார்? ஈர சிமென்டில் கரைந்திருக்கும் ஆறிணைதிறக் குரோமியம் அவர் கையில் வருஷக்கணக்கில் ஊறி, ஒரு நாள் ஒவ்வாமையாகிறது. அதன் பிறகு அது வாழ்நாள் ஒவ்வாமை. கை வெடித்து, ரத்தம் கசிந்து, கரண்டி பிடிக்க முடியாமல் போகிறது. "சிமென்டைத் தொடாதீர்கள்" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, அவரைப் பொறுத்தவரை வேலையை விட்டுவிடச் சொல்லும் சீட்டு. டென்மார்க்கில் இதற்கு வேறு விடை கண்டார்கள். சிமென்டில் கொஞ்சம் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் ஆறிணைதிறக் குரோமியம், கரையாத, தோலுக்குள் எளிதில் புகாத மூவிணைதிறக் குரோமியமாக மாறிவிடுகிறது. 1983 முதல் அங்கே அப்படிக் கலப்பது விதியானது. கட்டடத் தொழிலாளர்களிடையே குரோமேட் ஒவ்வாமை குறைந்தது. பின்லாந்து 1987-இல் பின்பற்றியது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், நீர் சேர்த்த சிமென்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் வந்தது. ஃபெரஸ் சல்ஃபேட் விலை உயர்ந்த பொருளும் இல்லை. டைட்டானியம் டைஆக்சைடு தயாரிக்கும் ஆலைகளில் துணைப் பொருளாகக் கிடைப்பது.